ஐம்பதில் மிஞ்சிய ஒன்று

டிவிக்குள் நின்றவன் பந்தை மூன்று முறை தரையில் தட்டினான். இடப்பக்கமாக இரண்டு எட்டு வைத்தான். எதையோ மறந்துவிட்டவன் மாதிரி நின்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான்.

தூசித்துணி ஷாஹீனின் கையிலேயே நின்றுபோயிற்று.

முந்தின நாள்தான் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்திருந்தது. வந்த சனமெல்லாம் போன பிறகு, அந்த ஒன்பதாவது மாடி வீட்டுக்குள் ஊதுபத்தி வாசனையும், ஆறிப்போன நெய்ச்சோற்று வாசனையும், பால்கனிக் கதவிடுக்கில் கசிந்து வந்த ஜூலை மழையின் ஈர வாசனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. கீழே வாகட் ஹைவேயில் லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் ஓயவே இல்லை. ஜூன் மாதத்து முதல் மழையில், ஹிஞ்சவடி ஆபீசிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்த அனீஸ் அந்த ஹைவேயில்தான் சறுக்கி விழுந்து இறந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவன் பெண்டாட்டி ஷாஹீன் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதம், பத்து நாள். வெள்ளைத் துணி. வாசற்படி தாண்டக் கூடாது, வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது.

டிவி மேசையைத் துடைக்கப் போனவள், அனீஸ் வீடியோ கேம் விளையாடுகிற கன்ட்ரோலரைத் தூக்கி அடியில் துடைத்தாள். கட்டைவிரல் எங்கேயோ அமுங்கிவிட்டது. டிவிக்குக் கீழே இருந்த கறுப்பு விளையாட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்து, டிவி தானாக விழித்து, யார் ஆடப்போவது என்று கேட்டது. இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘அனீஸ்’. இன்னொன்றில் ‘புதியவர்’. தாலி ஏறிய வீட்டில், தன் சோபாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னைப் புதியவர் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? அவள் அனீஸை அமுக்கினாள். அடுத்து வந்ததையெல்லாம் அதே பொத்தானால் அமுக்கிக்கொண்டே போனாள். கூடைப்பந்து மைதானம் வந்தது. அவன் வந்தான்.

முகம் பாதி அனீஸ், பாதி பொம்மை. கல்யாணமான புதிதில் அனீஸ் போனை முகத்துக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் படமெடுத்து ஆட்டத்துக்குள் போட்ட முகம் அது. முகம் கிடக்கட்டும். அந்த இரண்டு எட்டு? ஆபீசுக்குக் கிளம்பி லிஃப்ட் வரைக்கும் இரண்டு எட்டு வைத்துவிட்டு, “மறந்துட்டேன் பாரு” என்று திரும்பி வந்து, ஒன்றையுமே எடுக்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவானே, அதே இரண்டு எட்டு.

அவன் ஒருநாள் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“இங்க பாரு ஷாஹீன், இவன் யாரு தெரியுதா?”

“யாரு, ஒங்க தம்பியா?”

“எனக்கு ஏது தம்பி. இது நாந்தான். என் நிழலு. நான் எப்படி ஆடுதேன்னு பாத்துப் பாத்து மெஷினே செஞ்சு வச்சிருக்கு. நான் பண்ணுத தப்பெல்லாம் இவனும் பண்ணுவான்.”

“தப்பு பண்ண வீட்டுல ஒரு ஆளு பத்தாதாக்கும்?”

அந்த நிழல் இப்போது எதிராளியாகப் பந்தோடு அவளைப் பார்த்து ஓடி வந்தது. ஓடிவந்து, பாதியில் நின்று, தோளைச் சாய்த்து, பந்தை முதுகுக்குப் பின்னால் மாற்றி, ஓரெட்டு பின்வாங்கி எறிந்தது. பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே துள்ளியது.

வான்ஸ் வெட்டு. அந்த விளையாட்டில் வருகிற பெரிய ஆட்டக்காரன் டெரெல் வான்ஸ். அவனுடைய அடவு அது. இரண்டு வருஷமாக அனீஸ் அதைப் பிடிக்கப் பாடாய்ப் பட்டான். எல்லாம் சரியாக வரும். பந்தைக் கையிலிருந்து விடுகிற நேரம் மட்டும் ஒரு அரிசி அளவு முந்தும், இல்லையென்றால் பிந்தும். “இது ஒண்ணு வந்துட்டா போதும் ஷாஹீன், பொறவு இந்தப் பெட்டிய வித்துருதேன்” என்பான். வரவே இல்லை.

அன்றைக்கு இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். தோற்று முடித்தபோது அவளுக்கு நாற்பது நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

அதற்குப் பிறகு பல நாள், சாயங்கால அசர் தொழுகை முடிந்தால் அவள் டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மாமி அக்தர் பானு, அனீஸின் உம்மா, முஸல்லாப் பாயை விட்டு எழுந்திருக்காமல் அந்தி மஃரிப் வரைக்கும் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பாள். ஆற்றங்கரைப் பக்கம் கணபதி ஊர்வலத்துக்காக டோல் மேளம் அடித்துப் பழகுகிற பையன்களின் முழக்கம் மழையோடு சேர்ந்து ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். அந்த அதிர்வுக்குள்ளே பந்து தட்டுகிற சத்தம் கேட்கும். டம், டம், டம்.

“என்னளா அது, டம்மு டம்முன்னு?”

“பந்து மாமி.”

“இத்தாவுல பந்தா?”

“டிவியிலதான் மாமி.”

“ம்ம். சத்தத்தக் கொறச்சு வையி. மசாலா இடிச்சாலே கீழ்வீட்டு மராட்டிக்காரி சண்டைக்கு வாரா. பந்து வேறயா.”

கண்ணை மூடியபடிதான் சொல்வாள். ஆனால் ஒன்றிரண்டு தடவை ஷாஹீன் சட்டென்று திரும்பியபோது, மாமியின் விரல்களில் தஸ்பீஹ் மணி நகராமல் நின்றிருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள், போனில் மஃரிப் பாங்கு சொன்ன நேரம், ஷாஹீன் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுத் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், நிழலும் நின்றிருந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவில்லை. பந்து அதன் கையில், கூடை அதன் எதிரில், தடுக்க ஆளில்லை. ஆனாலும் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றது. பாங்கு முடிந்ததும் மூன்று முறை தட்டிவிட்டு ஓடியது.

அனீஸ் அப்படித்தான். பாங்கு கேட்டால் எந்த ஆட்டமானாலும் நிறுத்திவிடுவான்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். ஷாஹீனுக்குப் பயம் வந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. பாங்கு நேரத்துக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்த இரண்டு நிமிஷம் இரண்டு பேரும் எதிரெதிரே சும்மா நிற்பார்கள்.

தோற்றால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதுதான் அவளுக்கு ஆகவில்லை. நன்றாக ஆடினால் இன்னும் கொஞ்ச நேரம் அவனைப் பார்க்கலாமே. அதனால் வான்ஸ் வெட்டைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மேலப்பாளையத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவள். எழுத்தை இரண்டு விரல் மடக்குகிற நேரம் நீட்டு, நாலு விரல் மடக்குகிற நேரம் நீட்டு என்று சொல்லிக்கொடுத்த கை. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அதே அளவை இதில் போட்டுப் பார்த்தாள். தோள் சாய ஒரு விரல். பந்து மாற ஒரு விரல். பின்வாங்கி எழும்ப இரண்டு. ஐந்தாவது விரல் பாதி மடங்கும்போது விடு.

ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. கணபதி வந்தார், கரைத்தார்கள், டோல் சத்தம் அடங்கியது. செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் விரல் பாதி மடங்கியபோது விட்டாள். பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

“வந்துட்டுங்க” என்றாள் சத்தமாக. “வந்துட்டு, பாத்தீங்களா!”

முஸல்லாவிலிருந்து மாமி கேட்டாள்: “யாருகிட்டளா பேசுத?”

ஷாஹீன் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் நிழல் அந்த அடவைப் போட்டது. ஓடிவந்து, நின்று, சாய்ந்து, மாற்றி, பின்வாங்கி எறிந்தது. பந்து உள்ளே இறங்கியது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது! இரண்டு வருஷம் வராதது வந்துவிட்டது! கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நிழல் பந்தைத் தரையில் தட்டியது. ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. இடப்பக்கம் அந்த இரண்டு எட்டு இல்லை. கொஞ்ச நாளாகவே அது அப்படித்தான் இருந்தது. சில நாள் மூன்று, சில நாள் ஒன்று. களைப்பு என்றே எண்ணிக்கொண்டிருந்தாள். களைத்துப்போக அது என்ன மனுஷனா என்று யோசிக்கவில்லை.

மறுபடி ஓடி வந்தது. இப்போது அவள் அதன் கையை மட்டும் பார்த்தாள்.

பந்தில் பதிந்திருந்த விரல்களில் ஒன்று மடங்கியது. அடுத்தது மடங்கியது. அடுத்து இரண்டு.

போனில் மஃரிப் பாங்கு எழுந்தது. நிழல் நிற்கவில்லை, தலை குனியவில்லை. பந்தைக் கீழே போட்டது. வலது கையைத் தூக்கி, தாடி வைத்த அந்த முகத்துக்கு மேலே, தலையில் இல்லாத ஒரு துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டது.

ஷாஹீன் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

அன்றிரவே மாமியைக் கெஞ்சி யூசுஃபுக்குப் போன் போட வைத்தாள். அனீஸோடு ஆபீசில் வேலை பார்த்தவன், சேர்ந்து விளையாடியவன். மாமி போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஷாஹீன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மாமி மூலமாகத்தான் கேட்டாள்.

“யூசுஃபு, அந்தப் பந்து வெளையாட்டுல எம்புள்ள இருக்கான்னு இவ சொல்லுதா. நெசமா?”

“ஆன்ட்டி, அவன் இல்ல... மத்லப், அதாவது அவன் ஆடுற மாதிரி. ஷேடோ. நெழல்.”

“பாங்கு சொன்னா நிக்குமாம்.”

“அது... அவன் டெய்லி அந்த டைம்ல நிறுத்துவான்ல. மெஷின் டைமைக் கத்துக்கிச்சு. அவ்ளோதான்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஷாஹீன் தானே பேசிவிட்டாள். “அவங்க இருக்கும்போது மஃரிப் ஏழு பத்துக்கு. ஆகஸ்டு கடைசியில ஆறே முக்கால். நேரம் மாற மாற அதுவும் மாறி நின்னுச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ ரிக்‌ஷா போகிற சத்தம் மட்டும்.

“பாபி,” என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டான் யூசுஃப், “நீங்க எந்தப் பேர்ல ஆடுனீங்க?”

“அவங்க பேர்லதான்.”

“அரே பாபி... புதுப் பேர் போடலையா?”

“நான் எதுக்குப் புதுப் பேரு போடணும்?”

“அந்த நெழல் கடைசி அம்பது ஆட்டத்தை மட்டுந்தான் வச்சுக்கும் பாபி. அந்தப் பேர்ல ஆடுற அம்பது. நீங்க ஒண்ணு ஆடினா, அவனோட பழசு ஒண்ணு போயிடும். எத்தனை ஆடியிருப்பீங்க? பத்து? பதினஞ்சு?”

இத்தா நாள் கழிக்கிற காலண்டர் சமையலறைச் சுவரில்தான் தொங்கியது. ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் அதில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

“நாப்பத்தொம்பது.”

“அப்போ ஒண்ணு மிச்சம் இருக்கு,” என்றான் யூசுஃப். “தொடாதீங்க. ரெண்டு பேரும் தொடாதீங்க. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த ஒண்ணையாவது வெளிய எடுத்து வெக்க முடியுதான்னு பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டு மாமி சமையலறைக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு கேட்டாள். “நாப்பத்தொம்பதா?”

“தெரியாமப் பண்ணிட்டேன் மாமி.”

“ம்ம்” என்றாள் மாமி. அவ்வளவுதான்.

ஷாஹீன் பெட்டியை அனீஸின் நீலச் சட்டையில் சுற்றி அலமாரி மேலே ஏற்றி வைத்தாள். அவள் கைப்பட்டே அவன் போயிருக்கிறான். அவனைப் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று, பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரு கை அள்ளி வெளியே கொட்டியிருக்கிறாள். அந்த ஒன்று மட்டும் இருக்கட்டும். பார்க்கவே வேண்டாம். இருந்தால் போதும். திங்கட்கிழமை இத்தா முடிகிறது; அண்ணன் ஊரிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போவான். அதையும் மடியில் வைத்துக்கொண்டே ரயிலேறிவிடலாம்.

சனிக்கிழமை. வெளிச்சம் மங்கி, மழை மூட்டத்தில் வீடு பாசி பிடித்த நிறத்துக்கு வந்திருந்தது. மஃரிபுக்குக் கைகால் கழுவி ஒலு செய்யக் குழாயைத் திறந்தவள், முழங்கைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

டம்.

குழாயை மூடினாள்.

டம்.

ஹாலில் நீலச் சட்டை தரையில் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூல். சோபாவில் மாமி, முந்தானையைத் தலை நிறையப் போட்டுக்கொண்டு, கன்ட்ரோலரைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். டிவி வெளிச்சத்தில் அவள் முகம் ஈரமாக மினுங்கியது.

“வா, ஷாஹீனு. வந்து ஒக்காரு. பாரு எம்புள்ளய.”

“மாமி... இது எத்தனாவது ஆட்டம்?”

“மூணாவது. என்னைய ஒண்ணு போட விடமாட்டேங்கான். எல்லாத்தையும் அவனே போடுதான், கள்ளப்பய.”

“யூசுஃபு தொட வேண்டாம்னு சொன்னாகளே மாமி.”

“சொன்னான். நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.” மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ நாப்பத்தொம்பது பாத்துட்ட. பெத்தவளுக்கு ஒண்ணு கெடையாதா?”

ஷாஹீன் சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

நிழல் பந்தை ஒரு முறை தட்டியது. ஓடியது. நின்றது. விரல் மடங்கியது. ஒன்று. ஒன்று. இரண்டு. பந்து இறங்கியது.

“பாத்தியா, பாத்தியா! அப்படியே அவன். கை வீச்சு, நடை எல்லாம் அவன். இல்லையாளா?”

அதில் அவன் ஒரு துளி இல்லை. நகக்கண் அளவு இல்லை. ஓடினது ஷாஹீன். நின்றது ஷாஹீன். தாடிக்கு மேலே மேலுதட்டைக் கடித்துக்கொண்டு கூடையைப் பார்த்தது ஷாஹீன்.

“ஆமா மாமி,” என்றாள். “அவங்கதான்.”

மாமி சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

அப்போது பந்து உருண்டு போயிற்று. நிழல் அதை எடுக்கப் போகவில்லை. கூடைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. நடந்து வந்தது. கோட்டைத் தாண்டி வந்தது. திரை முழுக்க அதன் முகம் நிறைகிற அளவுக்குக் கிட்டே வந்து, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கித் தரையில் உட்கார்ந்தது.

இடது முஷ்டியை நெஞ்சில் வைத்து அமுக்கியது.

தோள்கள் குலுங்கின. வாய் மூடியே இருந்தது. சத்தமே இல்லை.

ஷாஹீனுக்கு அந்த அழுகை தெரியும். குளியலறை. தாழ்ப்பாள். மாமிக்குக் கேட்கக் கூடாதென்று திறந்துவிட்ட குழாய். நாலு மாதமாக அவள் அழுகிற அழுகை. அதை எவரும் பார்த்ததில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு நாளும் அழுததில்லை.

“ஏன் அழுதான்?” என்றாள் மாமி. “ஷாஹீனு, எம்புள்ள ஏன் அழுதான்? நான் என்ன பண்ணிட்டேன்?”

“மாமி, அணைச்சிருங்க.”

“நீ சும்மா இரி.”

மாமி கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். முட்டியில் கை ஊன்றி, டிவிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றினாள்.

“அழாதடா. உம்மா இருக்கேன்ல.”

திரைக் கண்ணாடியில், அந்தக் கண்ணுக்குக் கீழே, துடைத்தாள்.

ஷாஹீனின் கன்னத்தில் துணி பட்டது.

சலவைச் சோப்பு வாசனை. ஓம வாசனை. மாமியின் விரல். சோபாவின் கோடியில் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆறடி தள்ளி மாமியின் கை வலக்கன்னத்துக்குப் போயிற்று. அவள் வலக்கன்னத்தில் பட்டது. நாடிக்கு இறங்கியது. அவள் நாடியில் இறங்கியது.

மாமி என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

திரையில் வாய் திறந்தது.

அறையில் சத்தம் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். திரையில் அந்த முகம் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்து திறந்து மூடியது.

“சொல்லுடா வாப்பா,” என்றாள் மாமி. “உம்மாகிட்டதான சொல்லுத. சொல்லு.”

காதைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். ஷாஹீனின் வாய்மேல் ஒரு கிழவியின் காது குளிர்ச்சியாக அழுந்தியது. மாமி கண்ணை மூடி, திரையைக் கட்டிப்பிடித்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.